ஒன்பதாம் பக்கம்

நிருபர்: அக்கா... அந்தக் கடுதாசி போட்டது நீங்கதானே?

தையல்காரம்மா: எந்தக் கடுதாசி தம்பி?

நிருபர்: எங்க பத்திரிகைக்கு வந்ததே. ‘உங்க நிருபர் மசோதாவுல முதல் பக்கம் மட்டும் படிச்சிருக்கார், ஒன்பதாம் பக்கத்தையும் புரட்டச் சொல்லவும்’னு. உங்க மடியில இருக்கிற நோட்டுலயும் அதே கையெழுத்து.

தையல்காரம்மா: ஓ... அது நீங்கதானா.

நிருபர்: நானேதான். ஆசிரியர் எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிச்சார். மானம் கப்பலேறிடுச்சு.

தையல்காரம்மா: பின்ன என்ன? ‘வளர்ப்பு வீட்டுக் குழந்தைகள் எல்லாருக்கும் விடிவு’ன்னு கொட்டை எழுத்துல போட்டீங்க. என் பக்கத்து வீட்டுக்காரியும் ஒரு குழந்தையை வளர்க்கிறா, அதைப் பார்த்துட்டு சந்தோஷத்துல அழுதே தீர்த்தா.

நிருபர்: ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குழந்தையை வேற வளர்ப்பு வீட்டுக்கு மாத்துற விதியை எடுக்கிறாங்க, குழந்தை இருக்கிற வீட்டுலயே வளரலாம்... நல்ல சேதிதானேன்னு எழுதிட்டேன்.

தையல்காரம்மா: நல்ல சேதிதான். ஆனா இனிமே வரப்போற குழந்தைங்களுக்கு மட்டும்னு ஒன்பதாம் பக்கத்துல இருந்துச்சே. ஏற்கனவே வீடுகள்ல இருக்கிறதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?

நிருபர்: இத்தனை வக்கீலுங்க கண்ணுல படாதது உங்க கண்ணுல எப்படிப் பட்டுச்சு?

தையல்காரம்மா: நான் எந்தச் சட்டையையும் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன். வெளியில எல்லாம் பளபளன்னுதான் இருக்கும்.

காவலர்: சட்டசபை மாடத்துல பேசக் கூடாதும்மா. கீழே அவை நடக்குது.

தையல்காரம்மா: கீழே அவங்க போடுற சத்தத்துல நாங்க பேசுறதா கேட்கப் போகுது?

காவலர்: ...கொஞ்சம் மெதுவா பேசுங்க.

நிருபர்: இவரையும் மடக்கிட்டீங்க. சரி, ஏற்கனவே இருக்கிற குழந்தைங்களையும் சேர்க்கச் சொல்லி இன்னைக்கு வர்ற திருத்தமும் உங்க வேலைதானா? அதைக் கொண்டுவர்ற உறுப்பினரம்மாவை எப்படிச் சம்மதிக்க வெச்சீங்க? எங்களுக்கே அஞ்சு நிமிஷம் தரமாட்டாங்க.

தையல்காரம்மா: எனக்கு முக்கால் மணி நேரம் தந்தாங்க.

நிருபர்: அது எப்படி?

தையல்காரம்மா: என்கிட்டதான் துணி தைக்கிறாங்க. அளவு எடுக்கிறப்ப அசைய முடியாதுல்ல. கழுத்துல டேப்பைப் போட்டுக்கிட்டு, ஒன்பதாம் பக்கத்தைச் சொன்னேன்.

நிருபர்: அடப்பாவமே.

தையல்காரம்மா: முதல்ல ‘பார்க்கலாம்’னாங்க. கை அளவு சரியில்லைன்னு மறுபடி வரச் சொன்னேன். அப்புறம் இடுப்பு அளவு. நாலாவது தடவை அவங்களே பேனா எடுத்துக்கிட்டாங்க.

நிருபர்: வாயில விரல் வெச்சா கடிக்கத் தெரியாதவங்க மாதிரி இருந்துட்டு... உண்மையைச் சொல்றேன் அக்கா, பத்து வருஷமா இந்த மாடத்துல உட்கார்றேன். உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்லை. வீட்டுல குழந்தை?

தையல்காரம்மா: பொண்ணு. அஞ்சு வயசுல வந்தா. வந்த அன்னைக்கு மேஜைக்கு அடியில போய் உட்கார்ந்துட்டா. மூணு நாள் நானும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நிருபர்: நாலாவது நாள்?

தையல்காரம்மா: ‘உங்களுக்கு முதுகு வலிக்கலையா’ன்னு கேட்டா. அதுதான் முதல் பேச்சு. அப்புறம் வாயை மூடினதே இல்லை.

நிருபர்: அவளுக்காகத்தான் இத்தனை அலைச்சலா?

தையல்காரம்மா: ...கீழே பாருங்க. நம்ம உறுப்பினரம்மா எழுந்துட்டாங்க.

நிருபர்: கையைப் பிசையாதீங்க. குரல் வாக்கெடுப்புதான்.

தையல்காரம்மா: எந்தப் பக்கம் சத்தம் அதிகம்னே தெரியலையே...

நிருபர்: எண்ணச் சொல்றாங்க. எழுந்து நிக்கறாங்க பாருங்க... அந்த வரிசை முழுக்க... பின்னாடி வரிசையும்...

தையல்காரம்மா: சொல்லுங்க தம்பி. எனக்குக் கண்ணு மங்குது.

நிருபர்: நிறைவேறிடுச்சு அக்கா. எல்லாக் குழந்தைக்கும். இன்னையில இருந்து.

காவலர்: ...அம்மா, தண்ணி குடிங்க. உட்காருங்க, உட்காருங்க.

நிருபர்: இந்தாங்க என் ஃபோன். பொண்ணுக்கு முதல்ல நீங்களே சொல்லுங்க.

தையல்காரம்மா: அவ நம்பர் எனக்குத் தரமாட்டாங்க தம்பி.

நிருபர்: ஏன்?

தையல்காரம்மா: போன மாசமே ரெண்டு வருஷம் முடிஞ்சு போச்சு. வேற வீட்டுல விட்டுட்டாங்க.

நிருபர்: அக்கா... அப்ப பழைய விதியே இருந்திருந்தா, ரெண்டு வருஷம் கழிச்சு அவளை மறுபடி மாத்தியிருப்பாங்க. அப்ப நீங்க அவளைக் கேட்டு வாங்கியிருக்கலாமே. இந்தத் திருத்தத்தால அதுவும் போச்சே...

தையல்காரம்மா: தெரியும் தம்பி. எத்தனை வீட்டுலதான் மேஜைக்கு அடியில போய் உட்காருவா? இனிமே அந்த வீட்டுல இருந்து அவளை யாரும் கிளப்ப முடியாது. நானே போய்க் கேட்டாலும் முடியாது. அப்படித்தான் எழுதச் சொன்னேன்.