தூங்காதவனும் முடக்கு மந்திரமும்

நாலு பேர் உட்கார்ந்து கதை விளையாடுவதில் ஒரு தப்பும் இல்லை, வக்கீல் சார். போலீஸ் அதைச் சூதாட்டம் என்று எழுதியிருக்கிறது. அந்த வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள்.

என் நண்பன் ஹமீதின் மாமா கப்பலில் இருந்தவர். 1986இல் அவர் கொண்டுவந்த இங்கிலீஷ் புத்தகத்தில் ஆட்டத்தின் சட்டமெல்லாம் இருந்தது. ஆளுக்கொரு வீரன், பகடை உருட்டி, பேசிப் பேசியே குகைக்குள் போக வேண்டும். தாராவியில் ஹமீதின் பெல்ட் பட்டறையில் ஞாயிறுதோறும் கூடுவோம். நான் வாசிப்பவன், அதனால் ஆட்டத்தை நடத்துபவனும் நான்தான். பூதமும் சூனியக்காரியும் என் பக்கம். தீர்ப்பும் என்னுடையது.

டாக்ஸி ஓட்டும் சுயம்புவின் வீரனிடம் தூக்க மந்திரம் பலிக்காது, புத்தகத்திலேயே இருக்கிறது. ஒருநாள் என் சூனியக்காரி அவன்மேல் முடக்கு மந்திரம் போட்டாள்.

“தூங்காதவன எப்படில முடக்குவ?” என்றான் சுயம்பு.

“தூக்கம் வேற, முடக்கம் வேறல. முழிச்சிருப்பான், எல்லாம் கேக்கும். அசைய மட்டும் முடியாது.”

“அப்படி ஒருத்தன் இருப்பானால? ஊசி கழுவுறவன் டாக்டரு மாதிரி பேசுதான் பாரு, ஹமீது.”

ஹமீது சிரித்தான். “சோடோ யார் இசக்கி, விட்டுரு. அவனே ஜெயிக்கட்டும்.”

சுயம்பு சொல்வதே சரி என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எங்களில் நாலாவது ஆளான பூலோகமும் தூக்கினான். மூன்றுக்கு ஒன்று. எனக்குக் கோபமில்லை. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. ஒன்றிலிருந்து தப்பிப்பவன் இன்னொன்றிலிருந்தும் தப்பிப்பான் என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சுயம்புவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். செம்பூரில் நான் வேலை பார்க்கும் நர்சிங் ஹோமுக்குத்தான் வந்தான். “நீ இருக்கங்கற தைரியம்தான்ல,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

தூங்க வைக்க ஒரு மருந்து, உடம்பை அசையாமல் வைக்க ஒரு மருந்து. இரண்டையும் தயார் செய்வது என் வேலை. மயக்க டாக்டர் அவசரக்காரர், நான் எடுத்துக் கொடுப்பதைப் போடுவார். முதல் மருந்து சுயம்புவுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது சரியாகவே போனது.

கத்தி வைத்தார்கள். மூச்சுப் பையை அமுக்கியது நான்தான். ஒரு மூச்சுகூடத் தவறவிடவில்லை. அவன் கண்ணோரம் நீர் கசிந்தது. பஞ்சால் துடைத்தேன். அக்கறை இல்லாதவன் துடைப்பானா?

இப்போது கட்டிலில் படுக்கவே மாட்டேன் என்கிறானாம், சுவரில் சாய்ந்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறானாம். அவன் மனைவி செண்பகவல்லி உங்களிடம் அழுதிருப்பாள். வருத்தம்தான். காதில் நான் பேசியதாக அவன் சொல்வதும் உண்மை. குனிந்து மெதுவாகத்தான் கேட்டேன்.

“ஏல சுயம்பு, இப்ப என்ன சொல்லுத? நான் சொன்னது தப்புன்னா வாயத் தொறந்து சொல்லு. இப்பவே நிப்பாட்டச் சொல்லுதேன்.”

நாற்பது நிமிடம் காத்திருந்தேன், சார். அவன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.