அத்தானை வாசகராக்கிய விதம்

புத்தகத்தின் பக்கத்தை நான் ஒருபோதும் மடித்ததில்லை. அடையாளத்துக்கு ரிப்பன் வைப்பேன். எதையும் சேதப்படுத்துகிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்குப் புரிய வேண்டும், அதனால் சொல்கிறேன்.

தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிறுதோறும் வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். ஏழு பேர் வருவார்கள். புத்தகத்தோடு படம் எடுத்துக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். போன ஆண்டு இலக்கிய விழாவில்தான் எனக்குத் தெளிவு பிறந்தது. காலொடிந்து மூன்று மாதம் கிடந்தபோதுதான் தான் வாசகரானதாக ஓர் எழுத்தாளர் பேசினார். அரங்கமே கைதட்டியது. நான் அதைக் குறித்துக்கொண்டு, அடியில் இரண்டு கோடு போட்டேன். பிறகு எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம்: ஆளுக்கொரு புதிய வாசகரை உருவாக்கி, அடுத்த விழாவில் மேடையேற்ற வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தது அத்தானை. அக்காவின் கணவர், பேருந்து ஓட்டுநர். அவர்கள் மாடியில், நான் கீழே. காலையில் இறங்கும்போதெல்லாம், "என்ன மாப்ள, இன்னைக்கு யார் தலையில புத்தகத்தைக் கட்டப் போற?" என்பார்.

எட்டு மாதம் கெஞ்சிப் பார்த்தேன். பிறகு ஒரு காலை மாடிப்படிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, அலசாமல் விட்டேன். வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடுவதில்லை என்று அக்காவுக்கு என்மேல் நெடுநாள் குறை.

இடது கால். சீக்கிரம் கூடிவிடும் என்றார் மருத்துவர். மூன்று மாதமாவது ஆகுமா என்று கேட்டுக்கொண்டேன்.

அத்தான் பதினான்கு மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்தார். "ஏன் மாப்ள, இவங்க ஊர்ல வெயிலே அடிக்காதா? பக்கத்துக்குப் பக்கம் பனி கொட்டுது," என்பார். ஒன்றின் முடிவில் அக்காவுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்வின் நல்ல நாட்கள் அவை.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அவர் வேலைக்குத் திரும்பினார். மேடைக்கு அழைத்தேன்.

"ஆளை விடுப்பா. படுத்திருந்தேன், படிச்சேன். இப்பதான் எழுந்துட்டேன்ல?"

எவ்வளவு யோசித்தும் அந்த வாதத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. மறுநாள் படிகளை மீண்டும் கழுவினேன்.

இம்முறை கழுத்து. விழாவில் அவர் படத்தைத் திரையில் காட்டினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். திரும்பி வந்தபோது அக்கா படியடியில் சோப்பு வாளியோடு உட்கார்ந்திருந்தாள். "உங்க அத்தான் உனக்கு என்னடா பண்ணாரு?" என்றாள். ஒன்றும் பண்ணவில்லை, எழுந்த பிறகு படிக்கக்கூட இல்லை என்றேன். அவள்தான் புகாரோடு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

ஆம், இரண்டு முறையும் நான்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவருக்கு இப்போது இமைகள் மட்டுமே அசைகின்றன. நேற்றுவரை மருத்துவமனையில் நான்தான் வாசித்துக் காட்டினேன். நான் உள்ளே நுழைந்ததுமே கண்களை இறுக மூடிக்கொள்வார். அப்படி ஆழ்ந்து கேட்பவரை எந்த விழாவிலும் நான் பார்த்ததில்லை. ரிப்பன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. யாரையாவது அனுப்புங்கள், மீதிக் கதை தெரியாமல் அத்தான் தவித்துக்கொண்டிருப்பார்.