பை நாடாவால் ஓர் அளவு

வள்ளியூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரே வீட்டு மருமகள்கள் இருவர். மடியில் ஆளுக்கொரு ஆறு மாதப் பிள்ளை.

“உங்க பிள்ளை பிறக்கையில மூணு கிலோன்னு யாருக்கா கண்டா?” என்றாள் இளையவள்.

“வீட்டுல பிறந்தான், தராசு இல்ல. நர்ஸம்மா டேப்பால நெஞ்சுச் சுற்றளவை அளந்து, அத வச்சு எடையச் சொன்னாவ.”

“தொளதொளன்னு பிடிச்சிருப்பாவ. என் பிள்ளையத் தராசுல போட்டு ரெண்டேகால்னுட்டாவ. அத்தை இன்னும் சொல்லிக்காட்டுதாவ.”

இளையவளே பையைக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து, இரண்டு நெஞ்சையும் சுற்றிப் பார்த்தாள். “பாருங்க, இப்பம் என் பிள்ளைதான் ரெண்டு விரக்கடை கூட!”

மூத்தவள் கையை நீட்டினாள். “நாடாவ இங்கன தா, நான் அளக்கேன்.”

இளையவள் முந்தானையால் பிள்ளையை மூடினாள்.

“வேண்டாம்க்கா, கண்ணு பட்டிரும்.”