வளைகாப்புக்கு வந்த சோப்பு

பந்தியில சாம்பார் வாசனை வந்திருச்சு... உங்க கவனம் என்கிட்ட இல்லை, தெரியுது! இலை போடுறதுக்குள்ள ஒரு சின்னக் கதை. பொறாமையைப் பத்தித்தான். பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்!

ஒரு வீடு. கீழே மூத்த மருமக கோமதி. மாடியில இளைய மருமக ஜெயசுதா. ஜெயசுதாவுக்குப் பொழுதுபோக்கு என்ன தெரியுமா? வீட்டுலயே சோப்பு செய்யிறது. தேங்காயெண்ணெய், காஸ்டிக் சோடா, கொஞ்சம் வெட்டிவேர்... செஞ்சு சும்மாவே கொடுப்பா. தெருவே மணக்குது. "சின்னவ கை ராசியான கை"ன்னு மாமியாரே சொல்லிட்டாங்க. வருஷக்கணக்கா அந்த வீட்டுக்குச் சமைச்சுக் கொட்டுறவ கோமதி... அவளுக்கு வயிறு எரியுமா, எரியாதா? எரிஞ்சுது!

கோமதியோட மக பவித்ராவுக்கு வளைகாப்பு வருது. வர்றவங்களுக்கெல்லாம் என் கையால செஞ்ச சோப்பைத்தான் கொடுக்கணும்னு முடிவு பண்ணிட்டா. மாடி ஏறினா.

"சுதா, அந்த சோப்பு எப்படிப் பண்றே?"

அவ ஒளிக்கலைங்க. எண்ணெய் இவ்வளவு, சோடா இவ்வளவுன்னு தராசுல நிறுத்தே காட்டினா. "அக்கா, சோடா கூடிறக்கூடாது, தோலை அரிச்சிடும். சோப்பு காய்ஞ்சதும் நுனி நாக்குல லேசாத் தொட்டுப் பாருங்க. சுரீர்னா, யாருக்கும் கொடுக்காதீங்க, தூரப் போட்டுருங்க."

படி இறங்கும்போது கோமதி மனசு என்ன சொல்லுது? "எவளாவது ரகசியத்தை முழுசாச் சொல்லுவாளா? சோடாவைக் குறைச்சுத்தான் சொல்லியிருப்பா. நாக்குல வைக்கணுமாம்... என்னைச் சோப்பு தின்ன வச்சு, மாடியில உட்கார்ந்து சிரிக்கவா?" சோடாவை இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டா. நாக்குல? வைக்கவே இல்லை!

வளைகாப்பு நாள்... பிள்ளைத்தாய்ச்சி, பவித்ராவுக்குக் கை நல்லா வீங்கியிருக்கு. கண்ணாடி வளையல் ஏறலை. "சோப்பு போட்டு ஏத்துங்கம்மா"ன்னாங்க. கோமதி காத்திருந்தது இதுக்குத்தானே? "நானே செஞ்சது!"ன்னு ஊருக்கே கேட்கச் சொல்லி, நுரை பொங்கத் தேய்ச்சு, ரெண்டு கையிலயும் வளையலை ஏத்திட்டா.

கொஞ்ச நேரம்தான்... "அம்மா, எரியுதும்மா!"

கோமதி உள்ளங்கையும்தான் எரியுது. சொல்லுவாளா? "புதுச் சோப்பு, அப்படித்தான் இருக்கும்"ங்கிறா.

"தாங்க முடியலைம்மா!" மணிக்கட்டெல்லாம் செவந்துபோச்சு. கழட்டலாம்னா இறங்கலை. உடைக்கலாமா? வளைகாப்பு வளையலை உடைக்க எவளுக்குத் துணிச்சல் வரும்?

ஜெயசுதா ஓடி வந்தா. பிள்ளையைக் குழாயடிக்குக் கூட்டிட்டுப் போய், தண்ணியைத் திறந்துவிட்டா. தண்ணி ஓட ஓட, தான் செஞ்ச சோப்பைத் தடவி, ஒவ்வொண்ணா... ஒரு வளையல்கூட உடையாமக் கழட்டிட்டா. கை தப்பிச்சுது.

கூட்டமே சொல்லுது, "நல்லவேளை, சின்னவ இருந்தா!" கோமதிக்கு மக கை தப்பினதுல சந்தோஷம்தான், அழுதுட்டா... ஆனா அந்த நிமிஷத்துலயும் உள்ளுக்குள்ள என்ன ஓடுது தெரியுமா? "இதுலயும் பேரு அவளுக்கா!"

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா ஒண்ணு யோசிங்க. கோமதிக்குக் கெடுதல் பண்ணினது யாரு? ஜெயசுதாவா? அவ சொன்னது அத்தனையும் உண்மை! நமக்குப் பிடிக்காத ஆளு நல்லது சொன்னா, "இதுல என்ன உள்குத்து?"ன்னு நாமளும் தேடுறோமா இல்லையா? பொறாமைப்படுறவங்களை ஏமாத்த யாரும் பொய் சொல்ல வேண்டாங்க... உண்மையைச் சொன்னாப் போதும். அவங்களே ஏமாந்துக்குவாங்க.