வாப்பாமாருக்கும் ஒரு பாலர் வகுப்பு

அவைக்கு அணியாய், கடுகண்ணாவை நகருக்கே நிழலாய் வீற்றிருக்கும் தலைவர் ஜவாஹிர் ஹாஜியார் அவர்களே! முன்வரிசைக் கதிரைகளை முந்தி வந்து பிடித்துக்கொண்ட மூத்தோர்களே! வாசலில் நின்று கேட்டு, வாசலோடு போய்விட நினைக்கும் வாலிபர்களே! திரைக்கு அப்பால் அமர்ந்திருந்தாலும் தீர்ப்பை இப்பாலுக்கு அனுப்பும் தாய்மார்களே! உங்கள் எல்லோர்மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும்!

நமது பாலர் வகுப்பைத் தொடர்ந்து நடத்துவதா, வரும் மாதத்தோடு பூட்டுவதா? இதைத் தீர்மானிக்கவே கூடியிருக்கிறோம். பிள்ளைகள் போதவில்லை என்கிறார்கள். இந்த ஊரில் பிள்ளைகளுக்கா பஞ்சம்? சிரிக்காதீர்கள், பாயிஸ் நானா. உங்கள் வீட்டுப் பிள்ளைகளே அரை வகுப்பை நிரப்புவார்கள்! பஞ்சம் தைரியத்துக்கு ஐயா, தைரியத்துக்கு! மூன்று வயதுப் பெண்பிள்ளையை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் தைரியத்துக்கு!

நானும் ஒப்படைத்தேன். சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, என் மகள் ஸக்கியாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். வாசலில் அவளுடைய உம்மா விம்மினாள், வெதும்பினாள், விழிநீர் பெருக்கினாள். நானோ கலங்காமல், கண்ணிமைக்காமல்...

என்ன அது? திரைக்குப் பின்னால் யாரோ இருமுகிறார்கள். அந்த இருமலை நான் நன்றாக அறிவேன். சரி, திருத்திக்கொள்கிறேன். விம்மியவன் நான். அவள் சொன்னதெல்லாம், "சும்மா இரிங்களே, ரோட்டுல எல்லாரும் பாக்கிறாங்க" என்பதுதான்.

பெற்றீசியா டீச்சர் வகுப்பு வாசலுக்கு வந்து கையை நீட்டினார். மகள் அழுவாள், என் இடுப்புச் சாரத்தைப் பிடித்துத் தொங்குவாள், "நாளைக்குப் பார்ப்போம் டீச்சர்" என்று தூக்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று எனக்கு உள்ளூர ஓர் ஆசை. அவளோ செருப்பைக் கழற்றினாள், உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தாளா? இல்லை! கையாவது அசைத்தாளா? அதுவும் இல்லை!

என் துணிக்கடைக்குப் போனேன். சட்டைத் துணி கேட்டவருக்குத் திரைச்சீலையைக் கிழித்தேன். மனம் தாங்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு ஓடி, வகுப்பின் யன்னலுக்கு வெளியே பெருவிரலில் நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே என் செல்வம் இன்னொரு குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்! வீட்டில் தன் மூக்கைத் தொடவே விடாதவள்!

"யன்னல்ல கள்ளன்!" என்று ஒரு பிள்ளை கத்தியது. வகுப்பே எழுந்துவிட்டது. டீச்சர் விளக்குமாற்றோடு வந்தார். நான் ஓடுவதா, ஒளிவதா? அப்போது என் மகள் பதறாமல் சொன்னாள்:

"கள்ளன் இல்ல டீச்சர். எங்கட வாப்பா. புதுசுதானே, அழுறாரு. பழகிருவாரு."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! எனக்கும் வெட்கம்தான். ஆனால் பெரியோர்களே, அந்த வார்த்தை அவளுக்கு எங்கிருந்து வந்தது? அன்று காலையில் அழுத ஒவ்வொரு குழந்தையையும் மடியில் வைத்து டீச்சர் சொன்ன ஆறுதல் அது. அரைநாளில் அதைக் கற்றுக்கொண்டு, அழுதுகொண்டு நின்ற எனக்கே எடுத்துத் தந்துவிட்டாள். வெட்கத்தை மறந்தேன்; என் மகளை நினைத்து நெஞ்சு நிறைந்தேன்.

ஆறுதல் சொல்லக் கற்றுத்தரும் வகுப்பையா பூட்டப்போகிறோம்? அன்பை அரைநாளில் பழக்கும் அறையையா அடைக்கப்போகிறோம்? அழுங்கள், வாப்பாமாரே! ஆசைதீர அழுங்கள்! ஆனால் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வெளியே நின்று அழுங்கள்!

பிள்ளையைச் சேர்க்கச் சம்மதிப்பவர்கள் கையை உயர்த்துங்கள். என்ன, ஆண்கள் பக்கம் எல்லோரும் கூரையை ஆராய்கிறீர்கள்? அதோ! திரைக்கு மேலே கைகள்! வளையல் குலுங்க எத்தனை கைகள்! பாயிஸ் நானா, உங்கள் வீட்டில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்கள். நீங்கள் இன்னும் கைகட்டிக்கொண்டா... ஆ, உயர்ந்துவிட்டது! ஒவ்வொன்றாய் எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன!

தலைவர் அவர்களே, வகுப்புக்கென்று வாங்கிய பூட்டை எறிந்துவிடாதீர்கள். திங்கட்கிழமை காலையில் நம் கடைகளுக்கு அது வேண்டியிருக்கும். கடைக்காரர் அத்தனை பேரும் யன்னலுக்கு வெளியேதான் நிற்போம்.

பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கும், முந்திக்கொண்டு கைதூக்கிய தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அஸ்ஸலாமு அலைக்கும்!