ராசப்பன் பட்டறையிலிருந்து நான் எடுத்து வந்த டப்பா குறித்து

என் பெயர் கமர் ஜஹான், வயது 27, தகப்பனார் பெயர் ஹனீஃபா. திருச்சி உறையூரில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். புத்தூரில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் மருத்துவராக வேலை செய்கிறேன். ஸ்ரீரங்கத்தில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் ராசப்பன் என் மீது கொடுத்த திருட்டுப் புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. டப்பாவை நான்தான் எடுத்தேன். திருப்பிக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

எங்கள் மருத்துவமனை வாசலில் 'பாதரசம் இல்லாத சிகிச்சை' என்று போர்டு உண்டு. வசதியானவர்கள் பல்லில் இருக்கும் பழைய சாம்பல் நிற அடைப்பை, அது நன்றாக இருந்தாலும், அழகுக்காகச் சுரண்டிவிட்டு வெள்ளை ரெசின் வைக்கிறோம். சுரண்டிய துண்டுகளில் பாதி பாதரசம். மீதியில் வெள்ளி, தகரம், செம்பு. அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டிய அந்தத் துண்டுகளை எங்கள் முதலாளி, வெள்ளி தேறும் என்று சொல்லி, ராசப்பனுக்கு டப்பாவோடு இனாமாகக் கொடுத்து வந்தார். பணக்காரர் வாய்க்கு ஆகாதது பட்டறைக்காரர் வீட்டுக்கு ஆகும் என்பது அவர் நியாயம்.

இன்று காலை நான் வேலைக்குப் போனபோது, ராசப்பன் டப்பாவை வாங்கிப் போய்விட்டதாகவும், தங்கை மகளுக்கு இன்று காதுகுத்து, தாய்மாமன் போட வேண்டிய காப்புக்கு வெள்ளி பற்றாததால் போனதும் உருக்குவதாக அவர் சொன்னதாகவும் வரவேற்பில் இருக்கும் பெண் சொன்னார். அதன் பிறகு நான் ஸ்கூட்டியில் காவிரிப் பாலம் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன். வீடும் பட்டறையும் ஒரே அறை. ஒரு பக்கம் உருக்கும் அடுப்பு, மறுபக்கம் தொட்டிலில் குழந்தை கனிஷ்கா, மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல், தூங்கிக்கொண்டிருந்தது. சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும், கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இருக்காது, குழந்தையின் மூளையைக் கெடுக்கும் என்று சொன்னேன். ராசப்பன் சிரித்துவிட்டு, "வெள்ளியப் பத்தி எனக்கே பாடமா டாக்டரம்மா? பாயசம் சாப்பிட்டுப் போங்க" என்று அடுப்பைப் பற்ற வைத்தார். அதன் பிறகு நான் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். பட்டுச்சேலையில் ஒரு கூட்டமே பின்னால் வந்தது. வேறு எங்கே போனாலும் பிடுங்கிவிடுவார்கள் என்பதால் நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் பிராங்க்ளின் விசாரித்து, "இதுக்கு முன்னாடி உருக்கியிருக்கியா?" என்று ராசப்பனைக் கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள், குழந்தையின் தாய் வள்ளிக்கண்ணு, "போன வருஷம் உருக்கிட்டுத்தானேண்ணே மூச்சு முட்டி ஆஸ்பத்திரில கெடந்தே? தூசின்னு சொன்னியே!" என்றார். அதன் பிறகு ராசப்பன் எழுந்து போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

நேரம் தப்பப் போகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள். புகார்தாரரே தாய்மாமன் என்பதால், காது குத்தும் பத்தரை இங்கேயே அழைத்து வந்தார்கள். காப்பு இல்லையே என்று ராசப்பன் தயங்கினார். "காப்பு கெடக்குது. மடி இருக்குல்ல, உக்காருண்ணே" என்றார் தங்கை. நிலைய வராந்தாவில் ராசப்பன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். குழந்தை ஸ்டேஷனே அதிர அழுதது. நல்ல நுரையீரல்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் வாயைத் திறந்து தன் கடைவாய்ப் பல்லில் இருக்கும் சாம்பல் அடைப்பைக் காட்டி, இதையும் எடுக்க வேண்டுமா என்று கேட்டார். உடையாமல் இருந்தால் தொட வேண்டாம், யார் சொன்னாலும் காசு கொடுத்துச் சுரண்டாதீர்கள் என்றேன்.

டப்பாவை யாரும் திறக்காமல், மூடியபடியே மருத்துவக் கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் முதலாளி மீது தனியாகப் புகார் தருகிறேன். வேலை போனால் போகட்டும். ராசப்பன் புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், திருடினவங்க இல்லாமல் இலை போட மாட்டேன் என்றும் சொல்லி வாசலில் நிற்கிறார். இத்துடன் முடிக்கிறேன், சோறு ஆறுகிறது.

நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறார்கள். படித்துப் பார்த்தேன், திருத்த ஒன்றுமில்லை, எல்லாம் நடந்தது.

(ஒப்பம்) கமர் ஜஹான்
என் முன்னிலையில்: பிராங்க்ளின், உதவி ஆய்வாளர்