கொறையே இல்லாத பேத்தி

தலைய ஆட்டாதீங்க சார், கத்தி பட்டுடும். ஆங், அப்பிடியே குனிஞ்சிக்கோங்க. இன்னா சொல்லிகினு இருந்தேன்... ஆங், டீச்சரு. ஒரே ஒரு டீச்சரு சார், அத்த வெச்சிக் காப்பாத்தத் துப்பில்ல இந்த கவுர்மெண்டுக்கு. கீழ இஸ்கூல்ல ரூம்பு கட்னாங்க. சுவத்துல யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரைஞ்சாங்க. ஊஞ்சலு, பெரிய பெரிய ரப்பர் பந்து. ஆட்டிசம் புள்ளைங்களுக்குன்னு தனியா பணம் ஒதுக்கிகீதாம், வாசல்ல போர்டு வேற. இன்னிக்கிப் போய்ப் பாருங்க, யானை இருக்குது, டீச்சர் இல்ல. பள்ளிப்பட்டுக்கு மாத்திட்டாங்க.

எம் பேத்திக்கும் அந்த ஆட்டிசம்தான் சார். எம் பொண்ணு பிரபாவதி பெத்தது, ஹாசினின்னு பேரு. பேச்சு வராது, கூப்பிட்டா திரும்பாது, தலையில கை வெச்சா ஊரே கூடுற மாதிரி கத்தும். இந்தத் திருத்தணி மலைக்கு ஆந்திராவுலேர்ந்து லாரி கட்டிகினு வர்ற சனத்துல பாதிக்கு நான்தான் மொட்டை அடிச்சிருப்பேன். எம் பேத்தி தலை மட்டும் சடை புடிச்சிக் கெடக்குது. 'தாத்தன் தொழிலப் பாரு, பேத்தி தலையப் பாரு'ன்னு எங்க சம்பந்தி நக்கலு. கே.ஜி.கண்டிகையில டீக்கடை வெச்சிருக்கான். டீய வாயில வெக்க முடியாது... அவன் கதைய அப்பால சொல்றேன்.

பிரேமகுமாரி டீச்சருன்னு வந்திச்சி. கோவமே வராத பொண்ணு. மொதல்ல சீப்ப ஹாசினி கையில குடுத்து வெளையாட உட்டுது. அப்பால சீப்பால கையத் தடவுச்சி, தோள்பட்டையத் தடவுச்சி. மாசக்கணக்கா அதே வேலை, எனக்கே கடுப்பாயிடுச்சி. ஒருநாளு ஹாசினி தானா வந்து என் எதுக்க குந்திகினு சீப்ப நீட்டுது சார். வாரி உட்டேன். ஒரு சிக்கு உடாம எடுத்து, பின்னியும் உட்டேன்.

அந்த நேரம் பாத்து மேலிடத்துலேர்ந்து ஆபீசருங்க வந்தாங்க, குடுத்த பணம் உருப்படியா போவுதான்னு பாக்க. பெத்தவங்க எல்லாம் மனு எழுதிகினு வந்திருந்தாங்க. ஊஞ்சலு அறுந்துபோச்சி, வண்டி வர்றதில்ல, டீச்சரு நாளெல்லாம் இருக்கணும்னு. நான்தான் சத்தம் போட்டேன். வந்த பெரிய மனுஷங்ககிட்ட ஒப்பாரியா வெப்பாங்க? நல்ல வார்த்தையா நாலு சொல்லுங்க, மனசு குளிர்ந்து இன்னும் குடுப்பாங்கன்னேன். மாலை போட்டேன், சந்தனம் வெச்சேன். 'எம் பேத்திக்கு சரியாப்போச்சிங்க, எல்லா புள்ளைங்களுக்கும் சரியாப்போச்சிங்க, முருகன் புண்ணியம், உங்க புண்ணியம், ஒரு கொறையும் இல்லீங்க'ன்னேன். மத்தவங்களும் தலைய ஆட்டினாங்க.

சந்தோஷமாத்தான் போனாங்க. போயி இன்னா பண்ணாங்க தெரியுமா? திருத்தணியிலதான் கொறையே இல்லியே, கொறை இருக்கிற ஊருக்கு டீச்சர அனுப்புன்னு உத்தரவு. பாத்தீங்களா இவங்க புத்திய? நல்லது சொன்னவனுக்கு தண்டனை. அழுத புள்ளதான் பால் குடிக்கும்னு பள்ளிப்பட்டுக்காரனுக்குத் தெரிஞ்சிருக்குது.

ஹாசினி பழையபடி ஆயிடுச்சி சார். காலையில சீப்ப எடுத்துகினு வாசல்ல நிக்கிது, டீச்சரு வரும்னு. நான் கிட்ட போனா ஓடிடுது. பொண்ணு எங்கூட சரியாப் பேசறதில்ல. 'நைனா, எல்லாம் உன் வாயால வந்தது'ன்னு சொல்லிட்டு உள்ள போயிடறா. அவளே ஜில்லா ஆபீசுல மனு குடுத்திருக்கா, பகல்ல அவ கம்பெனியில போன் எடுக்க முடியாதுன்னு என் நம்பர எழுதி. அவங்க விசாரிச்சிட்டு, தேவைன்னா டீச்சரத் திருப்பி அனுப்புவாங்களாம்...

இருங்க சார், போனு. அல்லோ... ஆங், ஹாசினி தாத்தா துளசிங்கம் பேசறேங்க. ஜில்லா ஆபீசுங்களா? வணக்கம்மா, வணக்கம். பேத்திங்களா... நல்லா இருக்குதுங்கம்மா. ஆங்... ஆங்... ஒரு கொறையும் இல்லீங்க, எல்லாம் உங்க புண்ணியம். சரிங்கம்மா, சரிங்க.

எவ்ளோ பெரிய ஆபீசரு, எவ்ளோ தன்மையா விசாரிக்கறாங்க பாருங்க... இன்னா சார் திரும்பிப் பாக்கறீங்க? குனிங்க, பாதி தலை அப்பிடியே கெடக்குது. எதுக்கு சார் போனுக்குக் கை நீட்டறீங்க?

ம்... புரியுது சார். திரும்பக் கூப்பிட்டு சரியில்லன்னு சொல்லணும். சொன்னாத்தான் டீச்சரு வரும். எனக்கே தெரியுது. ஆனா, எப்பிடி இருக்குதுன்னு ஒருத்தங்க கேக்கும்போது, எம் பேத்தி சரியில்லன்னு நான் எப்பிடி சார் சொல்றது?

இந்தாங்க, நீங்களே பேசுங்க. நான் அந்தாண்ட கொழாய்கிட்ட போயி நிக்கறேன், அத்த எங் காதால கேக்க முடியாது. பேசி முடிச்சிட்டு கூப்பிடுங்க, வந்து மீதி தலைய வழிச்சி உடறேன்.